அய்யனார் குதிரையும் மெரினா குதிரையும்

இந்த எபிசோட் குதிரைப் போலீஸ் பற்றி. "பெரம்பலூர், அரியலூர் கதை சொல்றேன்னு சொல்லிட்டு குதிரைப் போலீஸா? அங்க எங்க இருக்கு?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. நான் அரியலூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வளர்ந்தவன். சுண்ணாம்புக்கல் லாரி பார்த்திருக்கேன், சிமெண்ட் ஆலைப் புகை பார்த்திருக்கேன், கல்லாகிப்போன கடல் சிப்பியைப் பொறுக்கி விளையாடியிருக்கேன். போலீஸ் குதிரை ஒன்றைக்கூட ஊரில் பார்த்ததில்லை.

ஆனால் குதிரையில் ரோந்து போகிற ஒருத்தரை எங்களுக்கு நல்லாத் தெரியும். ஏரிக்கரையில், ஊர் எல்லையில் நிற்கிறார். அய்யனார்.

எங்க அப்பாயி சொல்வாங்க: "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல ஏரிக்கரைப் பக்கம் போகாதடா. அய்யனார் குதிரை ஏறுற நேரம். குளம்புச் சத்தம் கேட்டா ஒதுங்கி நில்லு, நேர் எதிர்ல மட்டும் நிக்காத." பன்னிரண்டு வயசில் இதை நான் முழுசா நம்பினேன். செகண்ட் ஷோ பார்த்துட்டு சைக்கிளில் திரும்பும்போது ஏரிக்கரை வந்ததும் பெல் அடிக்காமல் மெதுவாகப் போவோம். திருடனுக்குப் பயப்பட்டதில்லை. காவல்காரருக்குத்தான் பயம். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி இதுக்குத் திரும்பி வருவேன்.

அந்தக் குதிரைகளைச் செய்கிறவர்கள் மண்பாண்டம் செய்யும் வேளார்கள். பல ஊர்களில் கோயில் பூசாரியும் அவர்கள்தான். கால்களைக் குழாய் மாதிரி எழுப்பி, அதன்மேல் உள்ளே வெற்றிடமாக உடம்பைக் கட்டி, கழுத்து தலையெல்லாம் சேர்த்து, காயவைத்து, வைக்கோலும் வறட்டியும் போட்டுச் சுடுவார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் இதை ஊர்வலமாகத் தூக்கிப்போய் வைப்பதற்கு 'புரவி எடுப்பு' என்றே பெயர். புதுக்குதிரை வந்ததும் பழைய குதிரையை யாரும் அகற்றுவதில்லை. அது பாட்டுக்கு மழையில் கரைந்து, வேர் பிடித்து, மண்ணோடு போகும்.

பெரம்பலூர் சிறுவாச்சூருக்குப் போனவர்களுக்கு மதுரகாளியம்மன் கோயில் தெரியும். அந்தக் கோயிலைச் சேர்ந்த பெரியசாமி மலையில் ஆளுயரத்துக்கும் மேலே சுடுமண் சாமிகளும் குதிரைகளும் நின்றன. 2021 அக்டோபரில் அந்தச் சிலைகள் உடைக்கப்பட்டன. செய்தியில் படம் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, காவலுக்கு நின்றவரைக் காவல் காக்க ஆளில்லையே என்பதுதான்.

சரி, இப்போ வரலாற்றுக்கு வருவோம். ஒரு அடிப்படைக் கேள்வி. நம்ம ஊர் மாட்டுக்கு ஏற்ற ஊர். குதிரைக்கு ஏற்ற ஊரே இல்லை. பிறகு ஏன் நம் காவல் தெய்வம் குதிரையில் உட்கார்ந்திருக்கிறார்?

குதிரை இங்கே கடல் வழியாக வந்தது. பட்டினப்பாலையே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் வந்த குதிரைகளைப் பற்றிப் பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ எழுதியிருப்பது இன்னும் சுவாரசியம். அரசர் வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் 100 கூட உயிரோடு இருப்பதில்லை என்கிறார். காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை. விற்கிற வியாபாரிகளும் குதிரை வைத்தியர்களை இங்கே வரவிடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்! கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், அந்த ஆளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதே காலத்தைப் பற்றி எழுதும்போது, கீஷ் தீவிலிருந்து மட்டும் வருஷத்துக்கு 1400 குதிரை அனுப்ப ஒப்பந்தம் இருந்தது என்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். நடுக்கடலில் குதிரை செத்துப்போனாலும் அரசு கஜானா பணம் கொடுத்தாக வேண்டும். இப்படி ஒரு டீலை இன்றைக்கு எந்த டெலிவரி கம்பெனியும் கனவில்கூட வாங்க முடியாது.

குதிரை ஏன் சாகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குதிரை நம்மைப்போல் உடம்பு முழுக்க வியர்த்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வெளியில் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கொதிக்கும். நல்ல மேய்ச்சல் நிலம் இல்லை. ஈ கடியால் வரும் காய்ச்சல் வேறு. கொள்ளு மட்டும் நிறைய இருந்தது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எங்கள் குதிரைக்கு இரண்டுமே உதவவில்லை போல.

ஆக, குதிரை என்றால் பொன். அதில் ஏறி ஒருத்தர் வந்தால், அவருக்குப் பின்னால் ஒரு கஜானா இருக்கிறது என்று அர்த்தம். அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம், ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகர். அங்கே தெருவில் ஒரு குதிரை வீரன் போனால் உழவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாமியைக் குதிரையில் ஏற்றியதில் பக்தியோடு கொஞ்சம் அரசியலும் இருக்கு என்பது என் கருத்து. அரசனுக்கு மட்டும் கிடைத்ததை ஊர் தன் சாமிக்கு மண்ணில் செய்து கொடுத்தது. பொன் கொடுக்காமல், வருஷா வருஷம் சாகாத குதிரை.

இன்னொரு சின்ன விஷயம். குதிரை ஓட்டுகிறவருக்குத் தமிழில் 'ராவுத்தர்' என்று ஒரு சொல் உண்டு. குதிரை வணிகத்தோடும் குதிரைப்படையோடும் தொடர்புடைய தமிழ் முஸ்லிம்களின் பெயராக அது நிலைத்தது. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று கூப்பிடுகிறார். அடுத்த முறை யாராவது "இது நம்ம சொல், அது அவங்க சொல்" என்று ஆரம்பித்தால் இதைச் சொல்லிப்பாருங்க.

இப்போ போலீஸ். போலீஸ் என்ற சொல் வருவதற்கு முன்னாடி நம்மிடம் இருந்தது காவல். சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்று ஒரு வரியே இருக்கிறது. ஊர் தானியம் கொடுக்கும், காவல்காரர் ஊரைப் பார்த்துக்கொள்வார். திருட்டுப் போனால் பொருளைக் கண்டுபிடிக்கணும், இல்லையென்றால் தன் கையிலிருந்து ஈடு கொடுக்கணும். காகிதத்தில் பார்த்தால் அருமையான முறை. ஆனால் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இந்தக் காவலின் மேல்தட்டில் பாளையக்காரர்கள். எங்கள் பக்கம் அரியலூர் மழவராயர்கள், உடையார்பாளையம் காலாட்கள் தோழ உடையார்கள். பட்டத்தைக் கவனிச்சீங்களா? காலாட்களின் தோழன். குதிரைக்கதை சொல்ல வந்த இடத்தில் எங்கள் ஊர்த் தலைவர் காலாள் பக்கம் நிற்கிறார். காடும் முள்ளும் நிறைந்த அந்தப் பகுதிக்கு அது பொருத்தமாகவும் இருந்திருக்கும்.

பெரிய குதிரைப் படைகள் இங்கே வந்தது கர்நாடகப் போர்களில். பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கு, பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். 1751இல் அதையொட்டிய வாலிகண்டபுரம் பக்கத்தில், ஒரு பக்கம் நவாப் முகமது அலியும் ஆங்கிலேயரும், மறுபக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். யார் ஜெயித்தாலும் வயலில் குளம்பு பட்டதுதான் ஊருக்கு மிச்சம். 1801இல் கர்நாடகம் முழுக்கக் கம்பெனி கைக்குப் போனது. பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். காவல் உரிமையும் அவர்கள் கையை விட்டுப் போனது.

அடுத்து நடந்ததுதான் இந்த எபிசோடின் மையம். சென்னை தீவுத்திடல் பக்கம் போனால் தாமஸ் மன்றோ குதிரை மேல் உட்கார்ந்திருப்பார். 1839இல் வைத்த சிலை. சேணம் இல்லை, அங்கவடி இல்லை என்று எல்லா வாக்கிங் டூரிலும் காட்டுவார்கள். அந்த மன்றோ தலைமையில் இருந்த கமிஷன் சொன்னபடிதான் 1816இல் ஒரு சட்டம் வந்தது. காவல் வேலையைக் கிராம மணியக்காரர், தலையாரி, அவர்களுக்கு மேலே தாசில்தார் என்று ஒப்படைத்தது. கேட்க நல்ல யோசனை. பழைய ஊர்க்காவலை மதிக்கிற மாதிரி இருந்தது. ஒரு ஓட்டை இருந்தது. வரி வசூல் செய்கிறவரும் அவரே, போலீஸும் அவரே.

விளைவு என்ன? 1855இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் ஒன்றே போட வேண்டியிருந்தது. வரி கட்டாத உழவரைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிற்க வைப்பதற்கு 'அண்ணாந்தாள்' என்று பெயர். விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நசுக்குவதற்குக் 'கிட்டி'. அறிக்கையில் இந்தத் தமிழ்ச் சொற்கள் அப்படியே ஆங்கில எழுத்தில் போயிருக்கின்றன. உலகத்துக்கு நாம் கொடுத்த சொற்களில் கறி, கேட்டமரான் என்று பெருமையாகச் சொல்வோம். இவையும் ஒரு காலத்தில் லண்டனில் படிக்கப்பட்ட தமிழ்ச் சொற்கள்தான்.

அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். வருவாய்த்துறையிலிருந்து போலீஸ் பிரிந்தது. இன்றைய தமிழ்நாடு போலீஸின் வேர் அங்கேதான். பழைய காவல்காரர்கள் என்ன ஆனார்கள்? வேலை போனது, மானியம் போனது. அவர்களில் சில சமூகங்கள் மேல் குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நேற்று வரை ஊரைக் காவல் காத்தவர் ராத்திரி ஸ்டேஷனில் போய்க் கைரேகை வைத்துப் படுக்கணும். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது ஒழிந்தது. என் தாத்தா காலத்து ஆட்களுக்கு இது பாடப்புத்தக விஷயமே இல்லை, பக்கத்துத் தெரு விஷயம்.

இனி நகரத்துக்கு வருவோம். குதிரைப் போலீஸ் என்பது நகரத்துச் சரக்கு. லண்டனில் 1805இல் நெடுஞ்சாலைக் கொள்ளையரைப் பிடிக்க போ ஸ்ட்ரீட் குதிரை ரோந்து வந்தது. சிவப்பு உள்சட்டை போட்டதால் ஜனங்கள் அவர்களுக்கு ஒரு சிவப்பு மார்புக் குருவியின் பேரையே வைத்துவிட்டார்கள். கல்கத்தாவில் 1840இல் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஆரம்பித்தது, இன்றைக்கும் மைதானத்தில் கால்பந்துக் கூட்டத்துக்கு நடுவில் அந்தக் குதிரைகள் நிற்கின்றன. பம்பாயில் டிராஃபிக் தாங்காமல் 1932இல் கலைத்தார்கள். அப்புறம் 88 வருஷம் கழித்து 2020 குடியரசு தின அணிவகுப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1932 டிராஃபிக்கே ஜாஸ்தி என்று நினைத்தவர்கள் இன்றைய மும்பையைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ!

குதிரை ஏன் வேணும்? உயரம். தரையில் நிற்கும் போலீஸ்காரருக்கு முன்வரிசை மட்டும்தான் தெரியும். குதிரை மேல் இருப்பவரின் கண் எட்டு அடிக்கு மேலே இருக்கும், முழுக் கூட்டமும் தெரியும். கூட்டத்துக்கும் அவர் தெரிவார். 450, 500 கிலோ உள்ள ஒரு உயிர் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் யாரும் வாக்குவாதம் செய்வதில்லை, தானாக விலகுவார்கள்.

இதன் நல்ல பக்கத்துக்கு ஒரு கதை சொல்றேன். 1923 ஏப்ரல் 28, வெம்ப்ளி மைதானம், கால்பந்து இறுதிப்போட்டி. இடம் சுமார் 1,25,000 பேருக்கு. வந்தது அதைவிட எவ்வளவோ அதிகம். மைதானத்துக்குள்ளேயே ஜனம் வழிந்து நிற்கிறது. ஜார்ஜ் ஸ்கோரி என்ற போலீஸ்காரர் பில்லி என்ற குதிரையோடு உள்ளே போய், பொறுமையா மூக்கால் தள்ளித் தள்ளி, கோட்டுக்கு வெளியே கூட்டத்தை நகர்த்தினார். அவரோடு வேறு குதிரைகளும் இருந்தன. ஆனால் கறுப்பு வெள்ளை நியூஸ்ரீலில் பில்லி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. உண்மையில் அது சாம்பல் நிறம். ஆட்டம் முக்கால் மணி நேரம் லேட்டாகத் தொடங்கியது, ஆனால் தொடங்கியது. அந்தப் போட்டிக்குப் பேரே 'வெள்ளைக்குதிரை இறுதிப்போட்டி'.

மறுபக்கமும் சொல்லணும். 1928 நவம்பர், லக்னோ. சைமன் கமிஷனை எதிர்த்து ஊர்வலம். குதிரைப் போலீஸ் பாய்ந்து தடியால் அடிக்கிறது. அடி வாங்கியவர்களில் ஜவாஹர்லால் நேருவும் கோவிந்த் வல்லப் பந்தும் உண்டு. பந்துக்கு அந்தக் காயத்தின் பாதிப்பு கடைசி வரை போகவில்லை. நேரு தன் சுயசரிதையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். அடி விழும்போது, எதிரே இருக்கும் அதிகாரியைக் குதிரையிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டுத் தான் ஏறி உட்கார்வது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தோன்றியதாம். அவருக்கு நன்றாகக் குதிரை ஓட்டத் தெரியும். செய்யவில்லை, அகிம்சை. ஆனால் அந்த எண்ணம் வந்தது என்று மறைக்காமல் எழுதினார் பாருங்க, அதற்காகவே எனக்கு அந்தப் பக்கம் பிடிக்கும்.

அதே உயரம்தான் இரண்டு இடத்திலும். குதிரைக்கு வெம்ப்ளி எது, லக்னோ எது என்று தெரியாது. கடிவாளத்தைப் பிடித்த கைக்குத் தெரியும்.

சென்னைக் குதிரைப் போலீஸின் லாயம் எழும்பூருக்குப் பக்கத்தில் புதுப்பேட்டையில் இருக்கு. அவர்களை நீங்கள் மெரினாவில் பார்த்திருப்பீங்க. நான் முதல் தடவை பார்த்தது கல்லூரியில் சேர்ந்த வருஷம். சாயங்காலம், சுண்டல்கடைப் பக்கம், உயரமான ஒரு பழுப்புக் குதிரை. கிராமத்துப் புத்தி, நேராக முன்னாடி போய் நின்றேன். மேலே இருந்தவர் கோபப்படவில்லை. "தம்பி, நேர் எதிர்ல நிக்காதீங்க. அதுக்கு மூக்குக்கு முன்னாடி தெரியாது. பக்கத்துல வாங்க, தோள்பட்டைகிட்ட" என்றார்.

எனக்குச் சட்டென்று அப்பாயி ஞாபகம் வந்தது.

அவர் சொன்னது சரிதான். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் இருட்டு. அடிப்படையில் அது ஓடித் தப்பிக்கும் பிராணி. பிளாஸ்டிக் பை பறந்தால் மிரளும், குடை விரிந்தால் மிரளும். அதைப் பட்டாசு, மேளம், ஒலிபெருக்கி நடுவில் நிற்கப் பழக்குவதுதான் பயிற்சி. மிரளாத பழைய குதிரையோடு புதுக்குதிரையை ஜோடி சேர்ப்பார்கள். பக்கத்தில் இருப்பது அமைதியாக இருந்தால் இதுவும் அமைதியாகும். இந்தியாவில் பல போலீஸ் லாயங்களுக்குப் பந்தயத்திலிருந்து விலகிய குதிரைகள் வருவதுண்டு. வாழ்நாள் முழுக்க 'ஓடு' என்று கற்றுக்கொண்ட உயிருக்கு 'நில்' என்று சொல்லிக்கொடுக்கணும். ஓடச் சொல்வதைவிட அது கஷ்டம்.

இதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு நிறைய. ஒரு நாளைக்கு 30 லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் வேணும், சென்னை வெயிலில் அதற்கும் மேலே. நாலு வாரம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கழற்றி, குளம்பைச் சீவி, திரும்ப அடிக்கணும். கடல் மணல் குளம்பு இடுக்கில் ஏறினால் புண். ரோந்து முடிந்து வந்ததும் ஓட்டியவர் வீட்டுக்குப் போகலாம், லாயத்தில் சைஸ் என்று சொல்லப்படும் பராமரிப்பாளர் அப்போதுதான் வேலையைத் தொடங்குவார். உடம்பைத் தேய்த்து, குளம்பைச் சுரண்டி, வியர்க்கிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்ப்பார். மார்க்கோ போலோ 'இந்த நாட்டில் இல்லை' என்று எழுதினாரே, அந்த ஆள். எழுநூறு வருஷத்துக்குப் பிறகு இருக்கிறார், ஆனால் அணிவகுப்புப் படத்தில் அவர் வருவதில்லை.

கடைசியாக ஒரு இடம். பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயில். பேர்க் காரணம், அங்கே பக்கத்தில் கவர்னரின் மெய்க்காப்புக் குதிரைப்படையின் குடியிருப்பு இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் உருவான அந்தப் படை சுதந்திரத்தோடு கலைக்கப்பட்டது. 'பாடிகாட்' மட்டும் சாமி பேரில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் அங்கே கொண்டுபோவார்கள்.

போன வருஷம் என் சித்தப்பா மகன் ஊரிலிருந்து வந்து உணவு டெலிவரி வேலையில் சேர்ந்தான். தவணையில் ஒரு பைக் எடுத்தான். இரண்டு பேரும் அங்கே போனோம். பூசாரி ஹேண்டில்பாரில் மாலை போட்டு, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு வெளியே எடு என்றார். அவன் சாவியைப் போடாமல் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"அண்ணே, நம்ம ஊர்ல மாதிரி இவருக்குக் குதிரை எங்க?" என்று கேட்டான்.

பின்னாடி வரிசையில் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தோம்.